பழைய கட்டை, புதிய தோல்: ஒரு மிருதங்கத்தின் விலை

மிருதங்கத்தின் விலை என்பது ஆயுள் வேறுபட்ட இரண்டு பொருள்களின் விலை. பலாமரத்தைக் குடைந்தெடுத்த கட்டை ஒழுங்காகப் பேணினால் ஒரு தலைமுறையைத் தாண்டி நிற்கும். அதன் இரு வாய்களிலும் மூட்டிய தோலோ, ஓயாமல் கச்சேரி செய்பவர் கையில் சில மாதம் தாங்கினாலே பெரிது. கடையில் சொல்லும் ஒரே தொகைக்குள் இரண்டும் அடங்கிவிடுவதால் வாங்குபவரின் கண் கட்டையிலேயே நின்றுவிடுகிறது: அதன் கனம், வழவழப்பு, மரத்தின் மஞ்சள் நிறம். ஆனால் நாதத்தின் பெரும்பகுதி பிறப்பது தோலில். அந்தத் தோலைத் தேர்ந்து, வெட்டி, அடுக்கி, இழுத்து, நடுவில் கரணை என்ற கறுத்த வட்டத்தை வைத்த கையில். இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்காதவரை புதிய மிருதங்கத்தின் விலையும் புரியாது, பழைய மிருதங்கத்தின் மதிப்பும் புரியாது.

சென்னையில் இன்று மாணவர் வாசிக்கத் தக்க புதிய பலாக்கட்டை மிருதங்கம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேலேதான் தொடங்குகிறது. கச்சேரித் தரத்தில் இருபதாயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். ஒன்று வாங்கினால் போதும் என்றும் இல்லை. ஆண் பாடகர் ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியில் பாடுவார். பெண் பாடகருக்கு ஐந்து, ஐந்தரை. 24 அங்குலத்தை ஒட்டிய நீளக் கட்டை தாழ்ந்த சுருதிக்கும், 22 அங்குலத்தை ஒட்டிய குட்டைக் கட்டை உயர்ந்த சுருதிக்கும் பொருந்தும். ஒரே கருவியை, தோலை இழுத்துப் பிடிக்கும் வாரை இறுக்கியும் தளர்த்தியும் சற்று ஏற்றி இறக்கலாமே தவிர, ஒன்றிலிருந்து ஐந்துக்குக் கொண்டுபோக முடியாது. தொழில்முறையாக வாசிப்பவரிடம் குறைந்தது இரண்டு மூன்று மிருதங்கங்கள் இருப்பது இதனால்தான். வயலின்காரர் ஒரு கருவியோடு வாழ்நாளைக் கழித்துவிடலாம். மிருதங்கக்காரருக்கு அந்த வசதி இல்லை.

கட்டைக்கு உகந்த மரம் பலா. வைரம் பாய்ந்த முதிர்ந்த பலா கனமானது, நுண்ணிய இழை கொண்டது, பூச்சி எளிதில் அண்டாதது. தமிழ்நாட்டில் பலா என்றதும் நினைவுக்கு வரும் பண்ருட்டிப் பகுதிதான் மிருதங்கக் கட்டைக்கும் நெடுங்காலமாகப் பெயர்போனது. தஞ்சாவூர் வீணைக்கும் இதே மரம்தான். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த மரத்துக்கு நாதம் அதிகம் என்ற நம்பிக்கை தொழிலில் உண்டு. அதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆனால் அப்படிப்பட்ட மரம் பெரும்பாலும் வயதான மரம், வயதான மரத்தில் வைரம் மிகுதி என்பது உண்மை.

பலா முதலில் பழத்துக்கான மரம். காய்க்கிற மரத்தை யாரும் விரும்பி வெட்டுவதில்லை. காய்ப்பு ஓய்ந்த பிறகோ, வீடு கட்டவோ, காற்றில் சாய்ந்தோதான் மரம் சந்தைக்கு வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் பண்ருட்டிப் பகுதியின் பலா, முந்திரித் தோப்புகளை வேரோடு சாய்த்தது. பல பத்தாண்டு வயதான மரங்கள் ஒரே இரவில் விழுந்தன. அப்படி விழுந்த மரத்தின் இடத்தில் நட்ட கன்று வைரம் பாய்ந்த மரமாக இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும். மிருதங்கத்தின் விலைக்குள் இந்தக் காத்திருப்பும் இருக்கிறது.

வெட்டிய மரத்தை நீளத்துக்குத் துண்டு போட்டு, வெளியே நடுவில் பருத்து இரு முனையும் சிறுத்த பீப்பாய் வடிவுக்குச் செதுக்கி, உள்ளே குடைகிறார்கள். குடைவு ஒரே சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்து மறுபக்கம் மெலிந்தால் கட்டை உலரும்போது கோணும். ஈரம் முழுதும் இறங்காத கட்டையில் தோல் மூட்டி விற்றால் முதல் கோடையிலேயே விரிசல் தெரியும். நன்றாக உலர்ந்த கட்டை கைக்கு வர நாளாகும், நாளாவதற்குப் பணம் முடங்கும். மலிவான புதிய மிருதங்கத்தில் முதலில் வெட்டப்படும் செலவு இந்த உலர்த்தும் காலம்தான். வாங்கும் நாளில் அது கண்ணுக்குத் தெரியாது.

தோலும் கரணையும்

வலது வாயான வலந்தலை ஒற்றைத் தோல் அல்ல. உள்தட்டு, கொட்டுத்தட்டு, வெட்டுத்தட்டு என அடுக்கடுக்கான தோல்களால் ஆனது. இடது வாயான தொப்பிக்கு வேறு அடுக்கு. பசு, ஆடு, எருமை என மூன்று விலங்குகளின் தோலும் ஒரே கருவியில் வேலை செய்கின்றன. இரு தலைகளையும் இழுத்துப் பிடிக்கும் வார் எருமைத்தோல். எந்த விலங்கு, எந்த வயது, உடலின் எந்தப் பகுதி என்பதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடும் அறிவு இந்தத் தொழிலின் முதல் மூலதனம். பாடப்புத்தகத்தில் அது இல்லை.

வெட்டுத்தட்டுக்கும் கொட்டுத்தட்டுக்கும் இடையே சிறு குச்சிகளைச் செருகினால் ஒருவகை நாதம். அது குச்சி மிருதங்கம். பொடிக்கல்லைத் தூவினால் வேறுவகை. அது கப்பி மிருதங்கம். வாசிப்பவரின் பாணியும், உடன் பாடுபவரின் குரலும் பார்த்துத்தான் எது என்று முடிவாகும். தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்பி, முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். செலவில் மிகச் சிறியதும், இல்லாவிட்டால் இடக்கை ஒலி அடியோடு மாறிவிடுவதும் அந்த ரவைதான்.

வலந்தலையின் நடுவில் கறுத்த வட்டமாக இருப்பது கரணை. சாதம் என்றும் சோறு என்றும் சொல்வார்கள். குழைய வெந்த சோற்றோடு கிட்டான் எனப்படும் கரிய கனிமப்பொடியைச் சேர்த்துப் பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு பூச்சையும் வழவழப்பான கல்லால் தேய்த்து, அது இறுகிய பிறகே அடுத்த பூச்சை வைக்கிறார்கள். நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் இந்த வட்டம் செய்யும் காரியம் சாதாரணமானது அல்ல. வெறும் தோலைத் தட்டினால் எழும் மேலொலிகள் அடிப்படை ஒலிக்கு முழு மடங்காக அமைவதில்லை. முதல் மேலொலி ஏறத்தாழ 1.59 மடங்கில் நிற்கும். அதனால்தான் பெரும்பாலான கொட்டுகளில் ஓசை இருக்கும், சுருதி இருக்காது. நடுவில் எடை ஏற்றிய தோலில் அந்த மேலொலிகள் இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்குகளில் வந்து சேர்கின்றன. தந்திக் கருவிக்கு உள்ள ஒழுங்கு தோலுக்கு வந்துவிடுகிறது. இதை 1920-இல் நேச்சர் இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து சி.வி. ராமன் எழுதினார், 1930-களின் நடுவில் விரிவான ஆய்வாக மீண்டும் வெளியிட்டார். பெயர் தெரியாத கைகள் தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்துக் கண்டுபிடித்த ஒன்றை இயற்பியல் பின்னால் வந்து உறுதி செய்தது. இவ்வளவு நுண்மை அடங்கிய அந்த வட்டம் வாசிக்க வாசிக்க உதிர்ந்து போகும். மறுபடி வைக்க வேண்டும். மிருதங்கத்தின் மிக மதிப்புள்ள பகுதி, மிகக் குறைந்த நாள் வாழும் பகுதியும்கூட.

இந்த வேலையைச் செய்பவர்களின் பெயர் வெளியே தெரிவது அண்மைக் காலம் வரை அரிது. பாலக்காடு மணி ஐயருக்கு 1966-இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி பட்டம் அளித்தபோது, மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது முதல்முறை. அவர் நாதத்துக்குப் பின்னால் இருந்த, மிருதங்கம் செய்பவரான தஞ்சாவூர் பர்லாந்தின் கை அந்த மேடையில் இல்லை. பர்லாந்தின் தந்தை செவிட்டியான் என்ற செபாஸ்டியனிலிருந்து தொடங்கும் குடும்பத்தையும், தமிழகத்திலும் அண்டை மாநிலங்களிலும் மிருதங்கம் செய்யும் மற்றவர்களையும் பற்றிக் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-இல் வெளிவந்தது. இவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தோலைத் தொடுவதைத் தீட்டாகக் கருதிய சமூகத்தில், தோலைத் தொட்டுத்தான் இந்த நாதம் பிறந்தது. வேலைக்கான கூலியை மரம், தோல், வார் என்ற பொருட்செலவுக்குள் ஒளித்து வைத்துப் பேசும் பழக்கத்துக்கு இந்த வரலாறும் ஒரு காரணம். இசை அறிந்தவர்களே தோல் மாற்றும் கூலியில் நூறு இருநூறுக்குப் பேரம் பேசுவதுண்டு. கரணை வைக்கும் அறிவுக்குத் தனியாக ஒரு தொகை என்று பட்டியலில் எழுதப்படாதவரை அந்தப் பேரம் ஓயாது.

தோலின் வரத்தும் எப்போதும் நிச்சயமில்லை. இறைச்சிக்காகச் சந்தையில் மாடுகளை விற்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை 2017 மே மாதம் மத்திய அரசு அறிவித்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதே மாதத்தில் இடைக்காலத் தடை விதித்தது. கச்சேரி மேடையிலிருந்து பார்த்தால் இது எங்கோ நடப்பதுபோல் இருக்கும். வலந்தலைக்குத் தோல் தேடி அலைபவருக்கு அப்படி அல்ல.

பழையது எப்போது மேல்?

பழைய கட்டை என்றால் வித்வான்களுக்குத் தனி மரியாதை. குருவிடமிருந்து சீடருக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் கட்டை கைமாறுகிறது. தோல் எத்தனையோ முறை மாறியிருக்கும், கட்டை அதுவேதான். இந்த மரியாதைக்கு மரவியலில் ஓரளவு ஆதாரம் உண்டு. மரம் முதிர முதிர அதன் ஈரம் உறிஞ்சும் தன்மை குறைகிறது. மழைக்கும் வெயிலுக்கும் உப்பிச் சுருங்குவது மட்டுப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும்போதே மார்கழிக் கச்சேரிகள் தொடங்கிவிடும் சென்னையில், சுருதியில் நிற்கும் கட்டை என்பது பெரிய நிம்மதி. விரிசல் விட வேண்டிய கட்டையாக இருந்தால் இருபது முப்பது ஆண்டில் விட்டிருக்கும். அத்தனை காலம் தாங்கியதே ஒரு சான்று.

ஆனால் நாதம் வயதால் மட்டும் கூடிவிடும் என்று சொல்லக் கூடாது. வயலினில் மரமே அதிர்ந்து ஒலியை வெளியே அனுப்புகிறது. மிருதங்கத்தில் அதிர்வது முதன்மையாகத் தோல். கட்டை அதைத் தாங்கி, உள்ளே காற்றை அடைத்து வைக்கும் கூடு. மரத்துக்கு அவ்வளவு பங்குள்ள வயலினிலேயே பழமையின் மதிப்பு சோதனையில் தடுமாறியிருக்கிறது. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த வயலின் போட்டியின்போது, கிளாடியா ஃப்ரிட்ஸ் குழுவினர் 21 கலைஞர்களின் கண்ணை மறைத்து மூன்று புதிய வயலின்களையும், ஸ்ட்ராடிவரி, குவார்னெரி கைவேலையான மூன்று பழைய வயலின்களையும் வாசிக்கச் சொன்னார்கள். அதிகம் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். பின்தங்கியது ஒரு ஸ்ட்ராடிவரி. 2012-இல் வெளியான இந்த முடிவு பழைய கருவிகளைத் தாழ்த்தவில்லை. காதுக்குக் கொடுக்கும் விலையும் வரலாற்றுக்குக் கொடுக்கும் விலையும் வேறு வேறு என்பதைக் காட்டியது.

மெல்லிசைக் குழுக்களிலும் திரைப்படப் பாட்டுகளிலும் தும்பா என்று அழைக்கப்படும் காங்கோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகும். கியூபாவில் பிறந்த அந்தக் கொட்டு மரப்பட்டிகளை ஒட்டிச் செய்த நீண்ட பீப்பாய். தொடக்கத்தில் தோலை ஆணியடித்துப் பொருத்தி, நெருப்பில் காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள். இரும்பு வளையமும் திருகும் கடந்த நூற்றாண்டின் நடுவில் வந்தன. 1954-இல் லாஸ் ஏஞ்சலஸில் கான் பாப்ஸ் நிறுவனம் தொடங்கியது. 1962-இல் கியூபாவுடனான வணிகத்தை அமெரிக்கா முடக்கியதால் அங்கிருந்து கருவி வருவது நின்றது. அந்த வெற்றிடத்தில் மார்ட்டின் கோஹன் 1964-இல் எல்.பி. எனப்படும் லாட்டின் பெர்கஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் உற்பத்தி பின்னர் தாய்லாந்துக்குப் போனது. ‘சயாம் ஓக்’ என்ற கம்பீரமான பெயரில் விற்கப்படும் அங்குள்ள மரம், பால் வற்றிய ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் நிற்கும் அதே இனம்.

அமெரிக்கச் சந்தையில் நடுத்தரமான புதிய காங்கோ ஜோடி ஏறத்தாழ 500 முதல் 1,000 டாலர் வரை போகிறது. ஹவானாவின் வெர்காரா பட்டறை, தொடக்கக் கால கான் பாப்ஸ் போன்ற பழைய கருவிகளுக்குச் சேகரிப்பாளர்கள் தனி விலை கொடுக்கிறார்கள். அங்கே வயதைச் சொல்வது பெயர்த்தகடும், வளையத்தின் வார்ப்பும், மரப்பட்டியின் ஒட்டும். எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று பொருளே சாட்சி சொல்லும். எனவே விலையும் சந்தையில் நிலைத்துவிடுகிறது. மிருதங்கத்தில் பெயர்த்தகடு இல்லை, வரிசை எண் இல்லை, செய்தவர் கையெழுத்து இல்லை. இன்னார் வாசித்த கட்டை என்பது வாய்ச்சொல்லால் மட்டுமே கைமாறுகிறது. அந்தச் சொல்லை நம்புகிறவர் அதிகம் கொடுப்பார். நம்பாதவருக்கு அது பழைய மரம். செய்தவரின் பெயரைக் கட்டையின் உள்ளே பொறிக்கும் வழக்கம் வந்தால் வாங்குபவருக்கும் நல்லது, செய்தவருக்கும் நியாயம்.

அதுவரை பழைய கட்டையை வாங்குபவருக்கு அவர் கண்ணும் காதும்தான் துணை. தோல் கழற்றிய நிலையில் பார்ப்பதே சரி. வாய் விளிம்பு முழு வட்டமாக, ஒரே மட்டமாக இருக்க வேண்டும். சற்று நீள்வட்டமாகிவிட்டாலும் தோலில் இழுவை ஒரே சீராக விழாது, சுருதி சேராது. உள்பக்கம் பூச்சி அரித்த துளைகளும் விரிசலும் இருக்கின்றனவா என்று விளக்கைக் காட்டிப் பார்க்க வேண்டும். மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, மேலே மெருகு பூசிய விரிசல் வெளியிலிருந்து தெரியாது. விரலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒலி மங்கும். கனம் குறைந்த பழைய கட்டை எல்லாம் மோசமில்லை; நன்றாக உலர்ந்ததாலும் கனம் குறையும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் கனத்தால் விலகிவிடுவது நல்லது. மேலே உள்ள தோல் எப்படி ஒலிக்கிறது என்பதை வைத்து மட்டும் முடிவெடுப்பது பெரிய தவறு. அந்தத் தோல் எப்படியும் மாறப்போகிறது.

வாங்கிய பிறகு

விலைப்பட்டியலில் வராத செலவு பராமரிப்பு. சென்னைப் புறநகர் மேற்குத் தடத்தில் திருநின்றவூருக்கு அடுத்துள்ள வேப்பம்பட்டு போன்ற ஊர்களில், அம்பத்தூர், ஆவடித் தொழிற்சாலைகளை நம்பிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று மிருதங்கம் கற்கிறார்கள். தோல் கிழிந்தாலோ கரணை உதிர்ந்தாலோ, வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால், பத்துக் கிலோவை ஒட்டிய கருவியைத் தூக்கிக்கொண்டு மின்ரயிலில் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகம் வரை வந்து, பூங்கா நகரில் பறக்கும் ரயில் ஏறி, வேலை தெரிந்தவரைத் தேடித் திருமயிலையில் இறங்க வேண்டும். கொடுத்துவிட்டு வர ஒரு நாள், வாங்கிவர ஒரு நாள். இரண்டு மூன்று ஆண்டில் இந்தச் செலவு, கருவி வாங்கிய தொகையை எட்டிப் பிடித்துவிடுவதுண்டு. மாணவர் வீட்டில் விலையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்கத்தான் மாற்று வழிகள் வந்தன. வாருக்குப் பதில் இரும்புத் திருகு பொருத்திய போல்ட் மிருதங்கத்தில் ஒரு சாவியால் சுருதி ஏற்றலாம். வெளிநாட்டில் இருப்பவர்களிடையே இது பரவியது. கல்லாலும் மரக்கட்டையாலும் விளிம்பைத் தட்டிச் சுருதி சேர்க்கத் தெரியாத மாணவருக்கு உதவி. இரும்பின் கனமும், நாதம் சற்றே இறுகிவிடுவதும் குறை. மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமன் கண்ணாடியிழைக் கட்டையை மேடைக்குக் கொண்டுவந்தார். பதனிட்ட தோலையும் பதனிடாத தோலையும் ஒப்பிட்டு ஆராயவும் செய்தார். பெங்களூருவில் கே. வரதரங்கன் தோலே இல்லாத செயற்கைத் தலையோடு ஸ்ரீ மிருதங்கம் என்ற ஒன்றை உருவாக்கினார். வாங்கும்போது விலை கூடுதலாகத் தோன்றினாலும், தோல் மாற்றும் செலவு இல்லாததால் பயிற்சிக்கு இவை நல்ல கணக்கு. கச்சேரி நாதத்தை எதிர்பார்ப்பவர்களின் காது இன்னும் தோலிடமே இருக்கிறது. தோலின் மேலொலி ஒழுங்கைச் செயற்கைத் தகட்டில் கொண்டுவந்துவிட முடிகிறது. விரல் பட்டதும் தோல் கொடுக்கும் அந்த நெகிழ்ச்சியை இன்னும் முழுதாகக் கொண்டுவர முடியவில்லை.

வரிக் கணக்கில் கையால் செய்த உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு ஒரு சலுகை உண்டு. அரசின் பட்டியலில் இடம்பெற்ற கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. இறக்குமதியாகும் காங்கோவுக்கு அந்தச் சலுகை இல்லை, சுங்கவரியும் சேரும். பழைய கட்டையை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல நினைப்பவர்கள் இன்னொரு சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள கைவினைப் பொருள் தொல்பொருளாகும். தனியார் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. தாத்தாவின் தாத்தா வாசித்தது என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் கட்டைக்கு விமான நிலையத்தில் அந்தப் பெருமையே தடையாகலாம். வாங்கும்போதே வயதைப் பற்றி விற்பவர் சொல்வதை எழுத்தில் பெற்று, ஐயம் இருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற்றுக்கொண்ட பிறகே பெட்டியில் ஏற்ற வேண்டும்.